சந்தேகக்கார விமானம்

யார் எது சொன்னாலும் அந்தக் குட்டி விமானத்துக்குச் சந்தேகம்தான்.

ஒரு நாள் காலை அது கிளம்பும் நேரத்தில், வானிலை பலூன் உயரத்திலிருந்து ரேடியோவில் கூப்பிட்டது. "அண்ணே, பத்தாயிரம் அடியில இருக்கிற மேகத்துக்குள்ள போயிடாதீங்க. மைனஸ் எட்டு டிகிரி குளிர், ஈரமும் ஜாஸ்தி. இறக்கையில பனிக்கட்டி படிஞ்சிடும்!" சொல்லி முடித்ததும், எல்லா வானிலை பலூன்களையும் போல அதுவும் வெடித்துவிட்டது.

'இவனுக்கு என்மேல் என்ன திடீர் அக்கறை? திருப்பிக் கேள்வி கேட்பதற்குள் வெடித்து நழுவிவிட்டானே!' விமானம் உறுமிக்கொண்டே மேலே ஏறியது.

மேகத்தை நெருங்கியதும் கறாராக விசாரித்தது. "உன்கிட்ட பனிக்கட்டி இருக்கா?"

"சத்தியமா ஒரு துண்டுகூட இல்லீங்க. எல்லாம் தண்ணிதான்."

விமானம் உற்றுப் பார்த்தது. உண்மைதான், அந்தக் குளிரிலும் உறையாத வெறும் நீர்த்துளிகள். நம்பி உள்ளே நுழைந்தது. இறக்கையில் பட்ட துளியெல்லாம் பட்ட மாத்திரத்தில் கட்டியாக உறைந்தது.

"தண்ணின்னு சொன்னியே, பாவி!"

"நீங்க வந்து இடிக்கிற வரைக்கும் தண்ணிதாங்க," என்றது மேகம்.

இறக்கை கனத்து, தரையை நோக்கிச் சரிந்துகொண்டிருந்தபோது விமானத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தான் வரப்போவதை இந்த மேகத்திடம் போட்டுக்கொடுத்தது அந்தப் பலூனேதான்!