மூணாவது ரேம்

சாப்பாட்டு இடைவேளையில தண்ணி பாட்டிலை எடுக்கத் திரும்பி வந்தா, என் பொண்ணு லாவண்யாவோட கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து, ஜெகன் உள்ளே கையை விட்டுக்கிட்டு நிக்கிறான்.

ஃபைனல்ல லாவண்யாவோட மோதப் போறவனே அவன்தான். 

இங்கே என்னப்பா வேலைன்னு கேட்டேன். ஒயர் ஒண்ணு ஃபேன்ல உரசுச்சு, தள்ளி விட்டேன் ஆன்ட்டின்னு மூடியை மாட்டிட்டு நழுவிட்டான். மூஞ்சியே சரியில்லை.

லாவண்யாகிட்ட சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. ஆட்டத்துக்கு முன்னாடி பொண்ணைப் பதற வைக்க வேண்டாம்னு முழுங்கிட்டேன். ஜெயிச்சா அவ மாநில அணியில சேர்ந்து டில்லி போவா. ரெண்டு வருஷமா அவ தவம் கிடந்தது இதுக்குத்தான்.

இந்தக் கம்ப்யூட்டர் கேம் போட்டி அம்பத்தூர் எஸ்டேட் பக்கத்துல ஒரு கல்யாண மண்டபத்துல. அவங்கவங்க கம்ப்யூட்டரை அவங்கவங்கதான் தூக்கிட்டு வரணும். ஆவடி குவார்ட்டர்ஸ்ல இருந்து ஆட்டோவுல, குழந்தையை வெச்சுக்கிற மாதிரி மடியில வெச்சுக்கிட்டு வந்தோம்.

என் வீட்டுக்காரர் வீரராகவன் கூட வந்ததுதான் பெரிய அதிசயம். பொழுதன்னிக்கும் விளையாட்டு என்ன விளையாட்டுன்னு கத்திக்கிட்டு இருந்த மனுஷன். பொண்ணு பேரு பேப்பர்ல வந்ததும் ஆளே மாறிட்டார்.

அவர் ராணுவ டேங்க் ஃபேக்டரியில மெயின்டனன்ஸ். எதுலயும் ஒண்ணு கூடுதலா இருக்கணும் அவருக்கு. எங்க வீட்டுக் கதவுக்கு மூணு தாழ்ப்பாள். அதே மாதிரி காலையில கிளம்புறப்போ, லாவண்யா குளிக்கப் போன நேரமாப் பார்த்து, கடையில வாங்கிட்டு வந்த ரேம் ஒண்ணை அவ கம்ப்யூட்டர்ல சொருகிட்டார். ஏற்கெனவே அவ பார்த்துப் பார்த்துப் போட்ட ரெண்டு இருக்கு. இது மூணாவது.

ரேம்னா கம்ப்யூட்டரோட ஞாபகமாம். அது வேகமா இருந்தாத்தான் ஆட்டம் வழுக்கிக்கிட்டு ஓடுமாம். மண்டபத்துல கண்ணுல பட்டவங்களை எல்லாம் நிறுத்தி, "என் பொண்ணுக்கு நானே போட்டது"ன்னு ரேம் வந்த அட்டைப் பெட்டியைக் காட்டிக்கிட்டே இருந்தார். ஜெகன்கிட்டயும் காட்டி, அவளுக்காக இப்பதான் மொதத் தடவையா ஒண்ணு செஞ்சிருக்கேன்னார். லாவண்யாவும் அப்பாவைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. அட்டையை யாரு படிச்சா?

ஆனா காலையிலிருந்தே அவ கம்ப்யூட்டர் திக்கித் திக்கித்தான் ஓடுச்சு. சூடாயிடுச்சு போலன்னு அவளே விசிறி விசிறிப் பார்த்தா. செமி ஃபைனல்ல மயிரிழையிலதான் தப்பிச்சா.

ஃபைனல் ஆரம்பிச்சுது. நான் ஜெகன் கையையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் திரையைப் பார்த்தேன். ஆத்தாடி! காலையில திக்கின கம்ப்யூட்டரா இது? எண்ணெயில விட்ட மாதிரி ஓடுது. லாவண்யா விரல் போன இடத்துக்கெல்லாம் ஆட்டமும் போகுது. ஜெகனும் லேசுப்பட்ட ஆள் இல்லை, கடைசி வரைக்கும் விட்டுக் கொடுக்கலை. ஆனா ஜெயிச்சது என் பொண்ணு!

மண்டபமே எழுந்து விசிலடிச்சுது. என் வீட்டுக்காரர் நாற்காலி மேல ஏறி நின்னு அழுதார். நானும் அழுதேன், எதுக்கு மறைக்கணும்?

பெட்டியைக் கட்டுறப்போதான் வெடிச்சுது. உள்ளே எட்டிப் பார்த்தவர், நான் போட்ட ரேம் எங்கேன்னு அலறினார். இதுக்கு மேல எனக்கு அடக்க முடியலை, இடைவேளையில பார்த்ததைச் சொல்லிட்டேன். ஜெகன் பாக்கெட்டுல இருந்து அதை எடுத்து நீட்டினான்.

"தோத்துடுவோம்னு பயந்து திருடினியாடா? நீ எடுத்தும் என் பொண்ணு ஜெயிச்சுட்டா பாத்தியா!"

அத்தனை பேர் முன்னாடி கத்தினார். ஜெகன் தலையைக் குனிஞ்சுகிட்டு, சாரி அங்கிள்னு மட்டும் சொன்னான். நடத்துறவங்க அடுத்த வருஷம் அவனைச் சேர்க்க மாட்டோம்னு மைக்லயே சொல்ல, எல்லாரும் கைதட்டினாங்க. நல்லா வேணும்னுதான் எனக்கும் தோணுச்சு.

லாவண்யா மட்டும் கைதட்டலை. அப்பா கையில இருந்த ரேமை வாங்கித் திருப்பிப் பார்த்தா. அதுல எழுதியிருந்த வேகத்தைப் படிச்சவ, மூஞ்சி வெளுத்து வாசலுக்கு ஓடினா. நானும் பின்னாடியே ஓடினேன்.

"என்னோடது ரெண்டும் வேகமானது. அப்பா போட்டது மெதுவானது. மூணு பேர் கையைக் கோத்துக்கிட்டு நடந்தா, மெதுவா நடக்கிறவர் வேகத்துலதானேம்மா எல்லாரும் போகணும்? அதை எடுத்ததாலதான் நான் ஜெயிச்சேன்."

பைக்கை எடுத்துக்கிட்டு இருந்த ஜெகனை மறிச்சு, ஏண்டா வாயைத் திறக்கலை, இப்பவே உள்ளே வா, எல்லார்கிட்டயும் சொல்றேன்னு கையைப் பிடிச்சு இழுத்தா.

அவன் வரலை. மண்டபத்துக்குள்ள என் வீட்டுக்காரர் கோப்பையைத் தோள்ல வெச்சுக்கிட்டு போட்டோவுக்கு நிக்கிறதை ஜன்னல் வழியா ஒரு தடவை பார்த்தான்.

"இன்னா ஆன்ட்டி நீங்களும் பார்த்துக்கினு நிக்கிறீங்க, இவளைக் கூட்டிக்கினு உள்ள போங்க. பொண்ணுக்காக அவரு மொதமொதல்ல ஆசையா செஞ்சது அது. அதுதான் இவளைக் கவுக்கப் பாத்துச்சுன்னு அவருக்குத் தெரிய வேணாம், நான் திருடனாவே இருந்துக்கறேன்."