வட்டங்கள் புரண்ட வருடம்

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால், என் வாயில் மிச்சமிருக்கும் நான்கு பற்களும் இந்த வாக்கியம் முடிவதற்குள் விழட்டும்.

விழவில்லை. ஆகவே மேலே சொல்கிறேன்.

காலை பதினொரு மணி. சினிமா கம்பெனியின் கூட்ட அறை. சுவரில் நானும் மருமகளும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து ஒட்டிய சார்ட். அதைத் தூக்கிவரத் துணைக்குப் போன என்னைவிட ஓர் அங்குலம் உயரம்.

அதில் முந்நூற்றுப் பன்னிரண்டு வட்டங்கள். ஒரு வட்டம் ஒரு சினிமா. இடமிருந்து வலமாக வருடங்கள். நீளமான படம் என்றால் வட்டம் மேலே இருக்கும், குட்டைப் படம் கீழே. ஓடிய படம் பச்சை. ஓடாதது சிவப்பு.

நிறம் தீட்டியது நான்தான். ஆபீஸ் பிரிண்டரில் கலர் மை தீர்ந்துபோய், வட்டங்கள் வெறும் வட்டங்களாகவே வந்திருந்தன.

"மாமா, கொஞ்சம் கலர் அடிச்சுக் குடுப்பீங்களா?" என்று காலையில் மருமகள் கேட்டாள்.

"நான் பாக்காத கலராம்மா?" என்றேன்.

இது பச்சை, இது சிவப்பு என்று இரண்டு பேனாக்களையும் பட்டியலையும் கொடுத்துவிட்டு, பேச வேண்டியதை ஒத்திகை பார்க்கக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் உட்கார்ந்து தீட்டினேன். நடுவில் காபிக்கு எழுந்தேன். திரும்பி வந்தால் பேனாக்கள் மேசைக்கடியில் உருண்டு கிடந்தன. எடுத்துத் தூசி தட்டி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். முடித்ததும் சுருட்டிக் கட்டிவிட்டேன். அவளுக்கு விரித்துப் பார்க்க நேரமில்லை.

அன்று அவளுடைய ஆறு மாதத் தற்காலிக வேலையின் கடைசி நாள். சார்ட் முதலாளிக்குப் பிடித்தால் நிரந்தரம். பிடிக்காவிட்டால் மேசையைக் காலி செய்துவிட்டு என்னோடு வீட்டுக்கு.

கம்பெனி மூன்று மணி நேரப் படம் ஒன்றை எடுத்து முடித்திருந்தது. அப்படியே விடுவதா, வெட்டுவதா? சார்ட்தான் சொல்ல வேண்டும். இயக்குநர் தன் பத்து விரல் நகத்தையும் கடித்துத் தீர்த்துவிட்டு, பக்கத்திலிருந்த எடிட்டரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளி எழுந்தார். சுவரருகே போனார். கண்ணாடியை ஏற்றி இறக்கினார். ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"ஏம்மா, இங்க என்ன ஆச்சு?"

பதினோரு வருடத்துக்கு முந்தைய இடம் அது. அதுவரை நீளப் படமெல்லாம் கிளிப்பச்சை, குட்டைப் படமெல்லாம் ரத்தச் சிவப்பு. அங்கிருந்து கத்தியால் வெட்டிய மாதிரி எல்லாம் தலைகீழ். என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

மருமகள் முகத்தில் ஈயாடவில்லை. 'அன்றும் இன்றும் நீளப் படம்தான் ஓடுகிறது' என்பதுதான் அவள் ஒத்திகை பார்த்த பேச்சு. குளியலறைக் கதவு வழியாக இருபத்து மூன்று முறை கேட்டவன் நான்.

"சார், அந்த வருஷம்தான் நான் டைரக்டர் ஆனேன்," என்றார் இயக்குநர், திருடியதை ஒப்புக்கொள்கிற குரலில்.

"நீ என்னய்யா, பெரிய இவன்! அந்த வருஷத்துல இருந்துதான் நான் கதை கேக்கும்போது தூங்க ஆரம்பிச்சேன்," என்றார் முதலாளி.

எடிட்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு அந்த வருடத்தில் என்னவோ.

முதலாளி மருமகள் பக்கம் திரும்பினார்.

"இவ்வளவு பெரிய விஷயம் இத்தனை நாளா எங்க ஒருத்தர் கண்ணுலயும் படலையே. எப்படிம்மா?"

அவள் சார்ட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மை படிந்த என் விரல்களைப் பார்த்தாள். கையை வேட்டிக்குள் மறைக்கலாம் என்றால் அன்றைக்குப் பார்த்து பேன்ட் போட்டிருந்தேன்.

தப்பு என்று சொன்னால் வேலை போச்சு. சொல்லாவிட்டால்?

அந்த ஒரு கணத்துக்குள் சுவர்க்கடிகாரம் இரண்டு முறை நின்று, இரண்டு முறை ஓடியது.

"இன்னைக்குக் காலைலதான் சார் கலர் அடிச்சோம்," என்றாள்.

"அதான பாத்தேன்!" முதலாளி மேசையைத் தட்டினார். தட்டிய தட்டில் தண்ணீர் பாட்டில்கள் எழுந்து நின்று உட்கார்ந்தன. "இந்தப் பொண்ணு இனிமே பர்மனென்ட்."

சாயங்காலத்துக்குள் படத்தில் ஒரு மணி நேரத்தை வெட்டிவிட்டார்கள். இயக்குநர் வெட்டிய பகுதியை மடியில் வைத்துக்கொண்டு அழுதார் என்று கேள்வி.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மருமகள் கேட்டாள்.

"மாமா, காலைல எந்த வருஷத்துப் படம் வரைக்கும் முடிச்சுட்டுக் காபிக்கு எந்திரிச்சீங்க?"

சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

படம் வெளியானது. அடுத்த வாரம் அவள் சார்ட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, முந்நூற்றுப் பதின்மூன்றாவது வட்டத்தைத் தன் கையாலேயே தீட்டினாள். பேனாவை என்னிடம் தரவே இல்லை.

ஓடியதா இல்லையா என்று கேட்டேன்.

"நீங்களே பாத்துக்கோங்க மாமா."

கண்ணாடி போட்டுப் பார்த்தேன். கழற்றிவிட்டும் பார்த்தேன்.

ஓட்டுநர் உரிமத்துக்காக நான் மூன்று முறை போயிருக்கிறேன். மூன்று முறையும் கண் டாக்டர் ஒரே வரியை எழுதித் திருப்பி அனுப்பினார்: இவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான்.