நாலு வரித் திருட்டு

"இது திருட்டு மேடம்."

டீம் லீடர் கத்தவில்லை. நிதானமாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் சுருக்கென்று தைத்தது.

எதிரே இருந்த பெண்மணிக்கு நாற்பது வயது இருக்கும். கைக்குழந்தை, படுத்த படுக்கையாக மாமியார் என்று ஒன்பது வருடம் வேலையை விட்டிருந்தவர். இது ஏழாவது இன்டர்வியூ. மற்ற ஆறு இடத்திலும் அந்த ஒன்பது வருடத்தைப் பார்த்ததுமே 'அப்புறம் சொல்றோம்' என்று அனுப்பிவிட்டார்கள். இதுவும் கைநழுவினால் இனி கம்ப்யூட்டர் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்ற முடிவோடு வந்திருந்தார்.

டீம் லீடருக்கு ஆபீசில் 'சல்லடை' என்று பட்டப்பெயர். அவரிடம் தேறுவது லேசுப்பட்ட காரியமில்லை.

கேள்வி இதுதான். 'abcadab' என்ற ஏழெழுத்தைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டே போகிறோம், மொத்தம் ஒரு லட்சம் கோடி எழுத்து வரும்வரை. அதில் எத்தனை 'a'? ஜாவாஸ்கிரிப்டில் புரோகிராம் எழுதிக் காட்ட வேண்டும்.

காலையிலிருந்து வந்த பதினொரு பேரும் லட்சம் கோடியையும் ஒவ்வொன்றாக எண்ணக் கிளம்பி, கம்ப்யூட்டரை மூச்சுத் திணற வைத்துவிட்டுப் போனார்கள். இந்தம்மா மட்டும் நாலே வரி எழுதினார். என்டரைத் தட்டினார். விடை வந்து நின்றது. சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு சுத்தம்.

"அடேயப்பா! எப்படிம்மா?" என்றார் பக்கத்திலிருந்த ஹெச்.ஆர். மேடம்.

"எல்லாத்தையும் எதுக்கு மேடம் எண்ணணும்? ஏழெழுத்துல மூணு 'a'. அந்த ஏழு முழுசா எத்தனை தடவை வருதுன்னு வகுத்து, மூணால பெருக்கினா ஆச்சு. கடைசியில அரைகுறையா நிக்கிற மிச்சத்தை மட்டும் தனியா எண்ணிச் சேர்த்துக்கலாம்."

அப்போதுதான் சல்லடை அந்த வார்த்தையைச் சொன்னார். தன் லேப்டாப்பையும் திருப்பிக் காட்டினார். பத்து வருடத்துக்கு முந்தைய ஒரு கேள்வி-பதில் பக்கம்.

"அப்படியே இருக்கு பாருங்க. மிச்சத்துக்கு 'micham'னே பேர் வெச்சிருக்காங்க. நீங்களும் அதே பேர். மனப்பாடம் பண்ணிட்டு வந்து ஒப்பிச்சிருக்கீங்க."

"கோடிக்கணக்கான பக்கத்துல இதை எப்படி சார் டக்குனு பிடிச்சீங்க?" ஹெச்.ஆர். மேடம் அசந்துபோனார்.

"எல்லாம் அனுபவம்தான்" என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டார் சல்லடை.

அந்தப் பெண்மணி திரையை எட்டிப் பார்த்தார். "அட, இது இன்னும் இருக்கா! நான் எழுதினதுதான் சார்."

"மாட்டிக்கிட்டா எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க."

"வரியை எண்ணிப் பாருங்க சார். அங்க மூணு, இங்க நாலு. எழுத்தே இல்லாம வெறுமையா குடுத்தா, அது பூஜ்யத்தால வகுக்கப் போய் உளறும். அதுக்குத்தான் முதல் வரியில ஒரு தடுப்பு போட்டேன். அங்கேயும் திருத்தணும்னு நினைச்சேன், பாஸ்வேர்டை மறந்து தொலைச்சுட்டேன்."

சல்லடை அந்தப் பழைய பக்கத்திலிருந்த மூன்று வரியை, எழுத்தே கொடுக்காமல் ஓட்டிப் பார்த்தார். உளறியது.

"ஒண்ணு காட்டலாமா சார்? கொஞ்சம் கீழே போங்க" என்றார் அந்தப் பெண்மணி. "கேள்வி கேட்டவர் பேர் 'கத்துக்குட்டி'. 'நாளைக்கு கம்பெனி டெஸ்ட், இதுலயும் ஊத்திக்கிட்டா வீட்டுல யார் முகத்துலயும் முழிக்க முடியாது'ன்னு எழுதியிருந்தார். புரியலை புரியலைன்னு பதினாலு தடவை கேட்டார், பாவம். நானும் பதினாலு தடவை சொன்னேன். அப்புறம் ஆளையே காணோம். அவருக்கு வேலை கிடைச்சுதோ இல்லையோன்னு இன்னிக்கும் அப்பப்ப நினைச்சுக்குவேன்."

சல்லடை அந்தப் பெண்மணியின் விண்ணப்பத்தை இழுத்து, 'தேர்வு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஹெச்.ஆர். மேடம் பக்கம் தள்ளினார். பிறகு எழுந்து நின்றார். காது மடல் சிவந்திருந்தது.

"கிடைச்சுது மேடம். பத்து வருஷமா இதே கம்பெனியிலதான் இருக்கான். அன்னிக்கு ஒரு நன்றிகூடச் சொல்லாம ஓடினவன், இன்னிக்கு உங்களையே திருடின்னு சொல்லிட்டான்."