ஆணியைப் பார்த்த டயர்

கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீருக்குக் கிளம்பிய ஒரு சைக்கிளில் வாயாடி மணி ஒன்று இருந்தது. எதைப் பார்த்தாலும் அதற்குச் சந்தேகம் வரும். சைக்கிளை ஓட்டும் சவரிமுத்து, இதய ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் குழந்தைகளுக்காக நிதி திரட்டுகிறார் என்று முன்னால் ஓர் அட்டை தொங்கியது. பக்கத்திலேயே ஓர் உண்டியல்.

"அண்ணே, இவரு இங்க மிதிச்சா அங்க குழந்தைக்கு எப்படிச் சரியாகும்?" என்று முன் டயரைக் கேட்டது மணி.

"மிதிக்கிறதைப் பார்த்து சனங்க காசு போடுவாங்கடா."

"காசு அவங்ககிட்ட ஏற்கெனவே இருக்குல்ல? வீட்டுல உட்கார்ந்து கேட்டா தர மாட்டாங்களா?"

"நீயே பார்த்துச் சொல்லு" என்றது டயர்.

மணி பார்த்துக்கொண்டே வந்தது. இறக்கத்தில் சைக்கிள் பறந்தபோது எல்லோரும் சிரித்துக் கையாட்டியதோடு சரி. எதிர்க்காற்றில் சவரிமுத்து மூச்சு வாங்க மிதித்தபோது இரண்டு பேர் காரை நிறுத்தி இறங்கிவந்தார்கள். டயர் பஞ்சராகி, கொளுத்தும் வெயிலில் அவர் தள்ளிக்கொண்டே நடந்த அன்றைக்கோ, ஒரு சந்தையே திரண்டு வந்தது.

"அண்ணே, நீ பஞ்சரான அன்னிக்குத்தான் உண்டியல் நிரம்புச்சு" என்றது மணி.

அந்தப் பஞ்சருக்காகக் கூனிக்குறுகிப் போயிருந்த டயர் கொஞ்சம் நிமிர்ந்து உருண்டது.

மறுநாள் ஒரு பெரிய ஊர். கடைத்தெரு முழுக்கக் கூட்டம். நடுரோட்டில் ஓர் ஆணி கிடந்தது.

"அண்ணே, ஆணி! ஆணி!" என்று அலறியது மணி.

"பார்த்துட்டேன்டா" என்று சொல்லிக்கொண்டே நேராகப் போனது டயர்.