கொசுவின் நிபந்தனை

“ரெண்டும் ஒரே வீட்டுல இருக்க முடியாதும்மா. ஒண்ணை வெளியே அனுப்பித்தான் ஆகணும்” என்றார் லேப்டாப் திரையில் இருந்த வக்கீலம்மா.

“இத்தனை நாள் எப்படியோ ஓட்டிட்டேன் மேடம். இப்பப் போய் வெளியே அனுப்புன்னா எப்படி?” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவளுக்குச் சாப்பாட்டுத் தட்டோடு வந்த கணவன் அறை வாசலிலேயே நின்றுவிட்டான். “வக்கீல் வரைக்கும் போயிட்டியா? அம்மா உனக்கு என்ன பண்ணாங்க? ரிட்டயர் ஆனதிலேருந்து அந்த ரூம்ல தன் பாட்டுக்குக் கம்ப்யூட்டர்ல சீட்டு விளையாடிட்டுதானே இருக்காங்க!”

“ஐயோ, அத்தையைச் சொல்லலைங்க! சாஃப்ட்வேரைச் சொல்றாங்க!”

கணவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்தச் சந்தோஷத்தில் அவள் தட்டிலிருந்தே ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, தட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

விஷயம் இதுதான். ஆஸ்பத்திரிகளில் டோக்கன் வரிசையை ஒழுங்கு பண்ணும் ஒரு ஆப்பை அவள் தனியாளாகக் கட்டியிருந்தாள். முழுக்கச் சொந்தச் சரக்கு என்று சொல்ல முடியாது. யார் யாரோ எழுதி இணையத்தில் இலவசமாகப் போட்டிருந்த இரண்டு புரோகிராம்கள்தான் அதற்கு அஸ்திவாரம்.

சாயங்காலம் ஒரு பெரிய ஆஸ்பத்திரி அவளோடு ஒப்பந்தம் போடக் காத்திருந்தது. வக்கீலம்மா ‘சரி’ என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இரண்டு வருட உழைப்பும் அம்போ.

“முதல் புரோகிராமோட லைசென்ஸ் என்ன சொல்லுது? என்னை எதோட வேணும்னாலும் சேர்த்துக்கோ. ஆனா சேர்த்துச் செஞ்சதுக்கு மேல யாரும் புதுசா ஒரு நிபந்தனையும் போடக் கூடாது. சரியா? இப்ப ரெண்டாவதைப் படிங்க.”

அவள் படித்தாள். “எல்லோருக்கும் இலவசம். ஒரே ஒரு நிபந்தனை. சாப்பிடுகிற நேரத்தில் இதை வைத்து வேலை பார்க்கக் கூடாது. இப்படிக்கு, கொசு.”

“அவ்வளவுதான். அது நிபந்தனையே கூடாதுங்குது, இது நிபந்தனையோட வந்து நிக்குது. ரெண்டையும் சேர்த்துக் குடுத்தா முதல் லைசென்ஸை மீறினதா ஆயிடும்.”

“மேடம், இது சும்மா விளையாட்டுக்கு எழுதினது!”

“விளையாட்டுக்குன்னு எங்கேயும் எழுதலையே?”

“ரெண்டாவதை எடுத்துட்டு நானே வேற எழுதட்டுமா? ஆனா மாசக்கணக்கா ஆகுமே...”

“அப்ப எழுதினவரையே கேளுங்க. அவரா அந்த நிபந்தனையை எடுத்துட்டார்னா சிக்கல் தீர்ந்தது.”

“யாரை, கொசுவையா?”

“கொசுவைத்தான்.”

“எவன்டா இந்தக் கொசு? வேற பொழப்பே இல்லையா இவனுக்கு? கையில மட்டும் சிக்கட்டும்!” என்று வீடே அதிரக் கத்தினாள். கத்தி முடித்துவிட்டுச் சமர்த்தாக உட்கார்ந்து, ‘மதிப்பிற்குரிய கொசு அவர்களுக்கு’ என்று மெயில் அடிக்க ஆரம்பித்தாள்.

தங்களைப் போன்ற மேதை உண்டா என்றாள். தங்கள் புரோகிராம் இல்லாவிட்டால் நானே இல்லை என்றாள். எழுதி முடிப்பதற்குள் கொசு யானை ஆகியிருந்தது.

அனுப்பிவிட்டு நகத்தைக் கடித்தாள். பக்கத்து அறையில் கீபோர்டு டகடகவென்று அலறியது. மாமியாரின் சீட்டாட்டம் சூடு பிடித்துவிட்டது போலும்.

டிங்! பதில் வந்தே விட்டது. ‘நிபந்தனையை எதற்கு எடுக்க வேண்டும்? நீங்கள் சாப்பிடாமல் வேலை பார்க்கிற ஆளா?’

கணவன் மறுபடி எட்டிப் பார்த்தான். “சாப்பாடு ஆறி அவலாப் போச்சு. ஒரு வாய் சாப்பிட்டுட்டு அப்புறம் பாரேன்.”

“இருங்க, இங்கே கொசுக்கடி தாங்கலை!”

அவள் விரல்கள் பறந்தன. ‘சேச்சே! மணி அடித்தாற்போல் சாப்பிடுகிறவள் நான். இப்போதுகூட வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். தயவு செய்து அந்த நிபந்தனையை எடுத்துவிடுங்கள்!’

அனுப்பினாள். திரையில் வக்கீலம்மா கடிகாரத்தைப் பார்த்தார். இவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மெயில் பெட்டியையே முறைத்தாள்.

டிங் வரவில்லை. பக்கத்து அறையிலிருந்து மாமியாரின் குரல்தான் வந்தது.

“புளுகாதே! நிபந்தனையை எடுத்துட்டேன், எழுந்து சாப்பிடு!”