மாணவர் விலை

"இந்த அட்டை உங்களோடது இல்லையேம்மா" என்றான் அவன், கல்லூரி அடையாள அட்டையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே.

"என் பையனோடது தம்பி. மூணாவது வருஷம் படிக்கிறான்." அந்த அம்மாள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை என்று வந்ததுமே சொல்லியிருந்தாள். விரல்களில் தோல் உரிந்து கிடந்தது.

கம்ப்யூட்டர் கடையில் ஆறு வருஷமாக நிற்கிறவன் அவன். கடிதம் அடிக்க, கணக்குப் போட என்று எல்லாம் அடங்கிய ஆபீஸ் மென்பொருள் மாணவர்களுக்குக் கால் விலைதான். அதற்காக அண்ணன் மகன் அட்டை, பக்கத்து வீட்டுப் பெண் அட்டை என்று தூக்கிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அவனுக்கு அலுத்துவிட்டது. போன மாதம் ஒரு வக்கீலே வந்தார்.

"பையனையே வரச் சொல்லுங்களேன். இல்ல, நம்பர் குடுங்க, நானே கேட்டுக்கறேன்."

"அவனுக்குப் போன் போடாதீங்க." சட்டென்று சொன்னாள். பிறகு, "பரீட்சை நேரம்" என்றாள்.

அவனுக்குச் சந்தேகம் வலுத்தது. அட்டை எண்ணைத் தட்டினான். 'மாணவர் பதிவில் இல்லை' என்று வந்து நின்றது திரை. குட்டு உடைந்தது என்று நினைத்தபடி, அட்டையின் பின்பக்கம் இருந்த கல்லூரி எண்ணுக்குப் பேசினான்.

அலுவலகத்தில் எடுத்தவர் பதிவேட்டைப் பார்த்துவிட்டு வந்தார். "அந்தப் பையன் நின்னு எட்டு மாசம் ஆச்சு சார். பேரை அடிச்சாச்சு."

போனை வைத்தான். ஏமாற்ற வந்தவள் என்று எண்ணியிருந்தான். ஏமாந்து நிற்கிறவள் என்று இப்போதுதான் புரிந்தது.

"என்ன சொன்னாங்க தம்பி?"

"லைன் சரியில்லம்மா. மாணவர் விலைக்கு இப்ப வராது. நாளைக்குப் பார்ப்போம்."

"இன்னிக்கே வேணுமே. சாயங்காலமானா கம்ப்யூட்டர்ல அதைத் திறந்து வெச்சுக்கிட்டு உட்கார்றான். கெடு முடிஞ்சுடுச்சுன்னு சிவப்பா ஒரு பட்டை வந்து நிக்குது. ஒரு எழுத்து அடிக்க முடியல. வெறும் திரையையே பார்த்துக்கிட்டு இருக்கான்." பையைத் திறந்து நோட்டுகளை எடுத்தாள். "முழு விலையே எடுத்துக்குங்க. பில்லுல மட்டும் மாணவர் விலைன்னு போட்டுக் குடுங்க. அவன் பார்ப்பான்."

நோட்டுகளைத் தொட அவனுக்கு மனசு வரவில்லை. இதற்கு மேலும் மறைத்தால் பாவம் தனக்கும் சேரும் என்று தோன்றியது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

"உட்காருங்கம்மா. மனசைத் தேத்திக்கிட்டுக் கேளுங்க. உங்க பையன் காலேஜுக்கே போறதில்ல. எட்டு மாசமா உங்ககிட்ட மறைச்சிருக்கான். பணத்தை வீணாக்காதீங்க. வீட்டுக்குப் போயி, அவனை உட்கார வெச்சு, என்ன ஏதுன்னு நேராக் கேட்டுடுங்க."

அழுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் ஸ்டூலில் உட்காரக்கூட இல்லை. நோட்டுகளை அவன் பக்கமாகத் தள்ளினாள்.

"தெரியும் தம்பி. காலையில பையை மாட்டிக்கிட்டுக் கிளம்புறவன் எந்தப் பார்க்குல போய் உட்கார்றான்னும் தெரியும்."

"தெரிஞ்சுமா ஒரு வார்த்தை கேக்காம இருக்கீங்க?"

அவள் மகனின் அட்டையை எடுத்துப் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

"இவனுக்கு மூத்தவனும் இப்படித்தான் மறைச்சான். உட்கார வெச்சு, நேராக் கேட்டேன். விடியறப்ப உசிரோட இல்ல."