கறுப்பு வலை

வெள்ளிக்கிழமை குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்த அமுதவல்லி, ஹைட்ரஜன் டப்பாவின் வலையையும் எடுத்துத் தேய்த்தாள். டப்பாவோடு வந்த தூளைக் கரைத்த தண்ணீரில் அந்த மலிவான நிக்கல் வலை மூழ்கினால் வாயு குமிழும்; அந்த வாயுவை டப்பா மின்சாரமாக்கும். வெள்ளத்தில் கரண்ட் போனதிலிருந்து அந்த மின்சாரத்தில்தான் கணவன் மாசிலாமணியின் சுவாசக் கருவி ஓடியது. வலையில் படிந்திருந்த கறுப்பு அவளுக்கு நோயைப் போலவே தெரிந்தது. பளபளவென்று ஆனதும் திரும்ப டப்பாவுக்குள் வைத்தாள். ஒரு குமிழ்கூட வரவில்லை.

டப்பா விற்ற கடைக்காரரைப் போனில் அழைத்தாள்.

“அக்கா, வேலை செய்யறதே அந்தக் கறுப்புதான். வேற வலை அனுப்பறேன். ரோட்டுல வெள்ளம் வடிய சாயங்காலம் ஆகும்.”

கருவியின் பேட்டரி மதியம் வரைகூடத் தாங்காது. அக்கம்பக்கத்தார் வெள்ளத்துக்குப் பயந்து எப்போதோ போய்விட்டார்கள்.

முகமூடிக்குள் மாசிலாமணி சிரித்தான். “வீட்டுல நீ தேய்க்காம விட்டது நான் ஒருத்தன்தான்.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லாம் முடிந்துவிட்டால் தேவலை என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறாள். தேய்த்தபோது அப்படி நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்று எப்படி நிச்சயமாகச் சொல்வது?

கருவியின் ஓசை தளரத் தொடங்கியது. அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“வேணும்னு செஞ்சியான்னு நான் கேக்க மாட்டேன், அமுதா.”

“கேட்டுடுங்க,” என்றாள்.